15,349 கிலோமீட்டர் என்றால் எத்தனை மணி நேரம்?

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் இரண்டு எண்கள் வந்து விழும். ஒன்று தூரம், இன்னொன்று பறக்கும் நேரம். சிங்கப்பூர், நியூயார்க் என்று கொடுத்துப் பாருங்கள். தூரம் 15,349 கிலோமீட்டர், நேரம் 17 மணிச் சொச்சம் என்று வரும். முதல் எண் சரியானது. இரண்டாவது எண் அந்தத் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துக் கிடைத்தது, அவ்வளவுதான். அதே பயணத்துக்கு விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். நடுவில் ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

சாலையில் பழகிய புத்தியோடு பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. சாலையில் தூரம் தெரிந்தால் நேரம் ஓரளவு தெரிந்துவிடும். சாலை நகராது, போகும்போதும் வரும்போதும் அதே சாலைதான். வானத்தில் அப்படி இல்லை. அங்கே சாலையே ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் வேறு திசையில், வேறு வேகத்தில் ஓடுகிறது. சில நாடுகளுக்கு மேலே அதை யாராவது அடைத்தும் வைக்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவில் உள்ள தூரம் என்றைக்கும் மாறாது. பறக்கும் நேரமோ அன்றாடம் புதிதாகக் கணக்குப் போட வேண்டிய ஒன்று.

முதலில் தூரத்தையே பார்ப்போம். அதிலேயே ஓர் ஏமாற்று இருக்கிறது.

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் டோக்கியோவையும் நியூயார்க்கையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு பசிபிக் கடலுக்கு நடுவில் போகும், அப்புறம் அமெரிக்காவைக் குறுக்காக வெட்டும். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைப் பக்கம் இருப்பதால் 'நேராகக் கிழக்கே போனால் போதும்' என்றுதான் தோன்றும். இப்போது உருண்டையான பூகோளத்தை எடுத்து, டோக்கியோவில் ஒரு நூலின் முனையை விரலால் அழுத்திப் பிடித்து, நியூயார்க் வரைக்கும் நூலை இறுக்கி இழுங்கள். நூல் தானாக வடக்கே நழுவும். அலாஸ்கா மேல் ஏறும், கனடாவின் வடபகுதி வழியாக இறங்கும். அந்த நூல் வழிதான் மிகக் குறுகிய வழி. தட்டைப் படத்தின் நேர்க்கோடு அதைவிட 2,000 கிலோமீட்டருக்கு அருகில் நீளம். வகுப்பறைகளில் இந்த நூல் பாடம் ஐந்து நிமிடம் நடந்தால் போதும், உலகப் படம் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

படத்தில் தவறு இல்லை. மெர்கேட்டர் 1569இல் அந்தப் படத்தைப் போட்டது கப்பல்காரர்களுக்காக. திசைகாட்டியை ஒரே திசையில் பிடித்துக்கொண்டே போனால் கப்பல் போகும் வழி அந்தப் படத்தில் நேர்க்கோடாக விழ வேண்டும், அதுதான் அவருக்குத் தேவை. அந்த வசதிக்காகத் துருவப் பக்கத்து நிலங்களை இழுத்துப் பெரிதாக்க வேண்டி வந்தது. தூரத்தைக் காட்டுவது அந்தப் படத்தின் வேலையே இல்லை.

உருண்டையின் மேல் வரும் இந்தக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சிங்கப்பூர், நியூயார்க் ஜோடிக்கு அதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் கையாலேயே கணக்குப் போட்டுவிடலாம். காரணம், ஓர் அழகான தற்செயல். சிங்கப்பூர் விமான நிலையம் கிழக்கே 104 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 டிகிரியில். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது உருண்டையில் இந்த ஊர் முதுகுப் பக்கம் என்றால் அந்த ஊர் கிட்டத்தட்ட நேர் நெஞ்சுப் பக்கம். அப்படியானால் குறுக்கு வழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேராக வடக்கே ஏறி, துருவத்தை ஒட்டித் தாண்டி, அந்தப் பக்கம் தெற்கே இறங்க வேண்டும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.36 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கிருந்து துருவம் வரை 88.64 டிகிரி. நியூயார்க் 40.64 டிகிரி வடக்கே இருப்பதால் துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 டிகிரி. மொத்தம் 138 டிகிரி. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,030 கிலோமீட்டர் என்பதால் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வரும். பெருக்கினால் 15,346. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட கணக்குக்கும் அட்டவணையில் உள்ள எண்ணுக்கும் மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. உருண்டையின் நேர் எதிர்ப்புறம் என்பது 180 டிகிரி, அதாவது சுமார் 20,000 கிலோமீட்டர். உலகத்தில் எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் அதற்கு மேல் தூரம் கிடையாது. சிங்கப்பூரும் நியூயார்க்கும் அதில் முக்கால் பங்கைத் தாண்டியவை.

சரி, தூரம் கிடைத்துவிட்டது, குறுக்கு வழி துருவத்தை ஒட்டி என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் அந்த வழியே போவதில்லை. ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் குறுக்கே கடந்து, வட அமெரிக்காவுக்கு மேலே பறந்து நியூயார்க்கில் இறங்குகிறது. தெரிந்தே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றினால்தான் சீக்கிரம் போய்ச் சேர முடியும்.

இதற்குக் காரணம் காற்று. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்று சொல்வது தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கணக்கில் வைத்து. தரையை வைத்துப் பார்த்தால் வேகம் வேறு. ஆற்றில் படகு விடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துடுப்பு போடும் வேகம் ஒன்றுதான், நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். வானத்து ஆறு சாதாரண ஆறு இல்லை. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பயணிகள் விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாகவே வீசும். குளிர்காலத்தில் சில நாட்களில் 400ஐத் தாண்டும்.

இந்தக் காற்றை முதலில் ஒழுங்காக அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை நகரும் வேகத்தைக் கீழே இருந்து பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். தன் கண்டுபிடிப்பு உலகம் முழுக்கப் போய்ச் சேர வேண்டும் என்று 1926இல் அதை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதி வெளியிட்டார். பொதுமொழி என்று நம்பி அவர் எழுதியதை வெளியே யாரும் பெரிதாகப் படிக்கவில்லை. 1944இல் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள்தான் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு, அப்படி ஒன்று இருப்பதைத் தங்கள் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள். ஓயிஷியை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்று ஒவ்வொரு நீண்ட தூர விமானமும் அவர் பலூன் விட்டு அளந்த காற்றைக் கணக்கில் எடுத்த பிறகுதான் கிளம்புகிறது.

காற்று என்ன செய்யும் என்பதை நியூயார்க், லண்டன் பாதையில் நன்றாகப் பார்க்கலாம். தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். காற்றே இல்லை என்றால் ஒரு பக்கத்துக்கு 6 மணி 9 நிமிடம். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும்போது தரை வேகம் 1,050 ஆகும், 5 மணி 17 நிமிடத்தில் போய்விடலாம். திரும்பும்போது 750தான், 7 மணி 23 நிமிடம் ஆகும். அதே ஊர்கள், அதே விமானம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். கால அட்டவணைகளில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. போகும்போது காற்று தந்த லாபமும் வரும்போது எடுத்துக்கொண்ட நஷ்டமும் சமம் என்று நினைக்கத் தோன்றும். கூட்டிப் பாருங்கள். காற்று இல்லாத நாளில் போய் வர 12 மணி 19 நிமிடம். காற்று வீசும் நாளில் 12 மணி 40 நிமிடம். 21 நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது, அதனால் அந்த நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் அட்லாண்டிக்குக்கு மேலே ஜெட் காற்று மிகக் கடுமையாக இருந்தது. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழியில் அதன் தரை வேகம் மணிக்கு 1,327 கிலோமீட்டரைத் தொட்டது. செய்திகளில் 'ஒலியைவிட வேகம்' என்றுகூட எழுதினார்கள். அது தவறு. அந்த உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி பக்கம் இருக்கும், அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். ஆனால் 1,327 என்பது தரையை வைத்துப் பார்த்த வேகம். விமானம் தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான், ஒலி வேகத்தில் 85 சதவீதத்தை ஒட்டித்தான் பறந்தது. மீதி வேகம் முழுவதும் காற்று தூக்கிக்கொண்டு போனது.

'பூமி சுற்றுவதால்தானே கிழக்கே போக ஒரு நேரம், மேற்கே போக ஒரு நேரம்?' என்று கேட்பவர்கள் நிறைய. நேரடியாகப் பார்த்தால் இல்லை. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது, ஆனால் காற்று மண்டலமும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் சேர்ந்தே சுழல்கிறது. நின்றபடி மேலே எழும்பினால் ஊர் கீழே நகர்ந்துவிடாது. ஆனால் பூமியின் சுழற்சிக்கு மறைமுகமாக ஒரு பங்கு உண்டு. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடான காற்று துருவத்தை நோக்கி நகரும்போது பூமியின் சுழற்சி அதைத் திருப்பி விடுகிறது. ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதற்கு அந்தத் திருப்பம்தான் காரணம்.

தூரத்தை விட்டுக் கொடுத்து நேரத்தைச் சம்பாதித்ததற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் டெல்லி, சான் பிரான்சிஸ்கோ வழி. 2015இல் ஏர் இந்தியா இதைத் தொடங்கியபோது விமானம் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கே போனது. சுமார் 13,900 கிலோமீட்டர், பதினாறரை மணி நேரம். 2016 அக்டோபரில் அதையே திருப்பிவிட்டார்கள். டெல்லியிலிருந்து கிழக்கே கிளம்பி, பசிபிக்கைத் தாண்டிச் சான் பிரான்சிஸ்கோ. தூரம் 15,300 கிலோமீட்டர், நேரம் பதினாலரை மணி. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். வகுத்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும். மேற்கு வழியில் சராசரி தரை வேகம் மணிக்கு 842 கிலோமீட்டர். கிழக்கு வழியில் 1,055. திரும்பி வரும்போது அட்லாண்டிக் வழியாகக் கிழக்கே வந்தார்கள், அப்போதும் காற்று முதுகுக்குப் பின்னால்தான். ஒரு முறை போய் வந்த பயணிகள், தாங்கள் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்திருப்பதைக் கவனித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

காற்றுக்கு அடுத்தபடியாக அனுமதி. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலே உள்ள வானம் சொந்தம், யாரை விடலாம் யாரை விடக்கூடாது என்று அந்த நாடுதான் முடிவு செய்யும். ஹெல்சிங்கி, டோக்கியோ ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பூகோளத்தில் நூல் பிடித்தால் வழி முழுக்க ரஷ்யாவுக்கு மேலே போகும், தூரம் 8,000 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் 1983இல் பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் இந்த ஊர்களுக்கு நடுவில் நிற்காமல் பறக்கும் சேவையைத் தொடங்கியபோது சோவியத் வானம் அதற்குக் கிடைக்கவில்லை. டிசி-10 விமானம் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு, அலாஸ்கா பக்கமாக இறங்கி, 13 மணி நேரத்தில் டோக்கியோ போனது. பிற்பாடு சைபீரிய வழி திறந்தது, நேரம் ஒன்பதரை மணியாகக் குறைந்தது. ஹெல்சிங்கியிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி என்று சொல்லியே அந்த நிறுவனம் தன் தொழிலை வளர்த்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்ய வானம் மூடப்பட்டதும் பழைய கதை திரும்பியது. மறுபடியும் துருவத்தைச் சுற்றி, இல்லையென்றால் தெற்கே இறங்கி மத்திய ஆசியா வழியாக. மறுபடியும் 13 மணி நேரம். 39 வருடங்களில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, எஞ்சின்கள் மாறிவிட்டன, ஆனால் பயணியின் நேரம் 1983இல் எங்கே இருந்ததோ அங்கேயே வந்து நின்றது.

யாரும் தடுக்காத வானத்தையும் விமானங்கள் தவிர்ப்பதுண்டு. திபெத் பீடபூமி அதற்குப் பெயர் போனது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் முகமூடிகளில் ஆக்சிஜன் சுமார் 15 நிமிடம்தான் வரும். அதற்குள் விமானி 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும், அங்கே எல்லாரும் சாதாரணமாக மூச்சு விடலாம். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்குவதற்கு இடம் இல்லை. கூடுதல் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டுதான் அதற்கு மேலே பறக்க முடியும். பெரும்பாலானவர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கடலுக்கு நடுவிலும் ஒரு விதி உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் மிச்சமுள்ள ஒரு எஞ்சினோடு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும். ஒரு காலத்தில் அது 60 நிமிடமாக இருந்தது. 1985இல் 120 நிமிடத்துக்கு அனுமதி கொடுத்தார்கள், பின்னர் 180 ஆனது, இன்று ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது. எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக வரைபடத்தில் வழிகள் நேராகிக்கொண்டே வந்திருக்கின்றன.

இனி எரிபொருள். நீண்ட தூரப் பயணத்தில் மனிதர்களைத் தூக்கிப் போவதைவிட எரிபொருளைத் தூக்கிப் போவதுதான் பெரிய வேலை. சிங்கப்பூர், நியூயார்க் வழிக்கென்றே சில ஏ350 விமானங்களைச் சிறப்பாகத் தயாரித்தார்கள். அதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், எடை சுமார் 132 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை 280 டன். ஏறக்குறைய பாதி எரிபொருள்தான். கடைசி மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எரிபொருளை அதற்கு முந்தைய பதினேழு மணி நேரமும் சுமந்து போக வேண்டும், அப்படிச் சுமக்கவே தனியாக எரிபொருள் செலவாகும். அதனால்தான் 300 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்த ரக விமானத்தில் இந்த வழிக்கு 161 இருக்கைகள் மட்டும் வைத்தார்கள். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. 2004இல் நான்கு எஞ்சின் விமானத்தில் தொடங்கிய இதே சேவை, எரிபொருள் செலவு தாங்காமல் 2013இல் நின்று, இந்த இரட்டை எஞ்சின் விமானம் வந்த பிறகுதான் 2018இல் உயிர் பெற்றது.

வேகமாகப் பறந்தால் என்ன என்று கேட்கலாம். ஒலி வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் இழுவை தாறுமாறாக ஏறும், எரிபொருளும் அப்படியே ஏறும். கான்கார்ட் விமானம் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தது, 1996இல் ஒரு முறை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று மணி நேரத்துக்குள் வந்தது. ஆனால் அட்லாண்டிக்கைத் தாண்டத்தான் அதன் தொட்டி போதும், பசிபிக்கை நிற்காமல் தாண்ட முடியாது. 2003இல் அதுவும் ஓய்வு பெற்றது. ஐம்பது அறுபது வருடங்களாகப் பயணிகள் விமானங்களின் வேகம் மணிக்கு 850, 900 கிலோமீட்டரிலேயே நிற்கிறது.

தொடக்கத்தில் காணாமல் போன ஒன்றரை மணி நேரத்தில் சுற்று வழிக்கும் காற்றுக்கும் ஒரு பங்கு போனது. மிச்சம் தரையில் இருக்கிறது. கால அட்டவணையில் போடும் நேரம் பறக்கும் நேரம் இல்லை. விமானம் கேட்டிலிருந்து பின்னால் நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்டில் நிற்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் அப்படித்தான், ஊருக்கு 200 கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கம் தொடங்கிவிடும். லண்டன் ஹீத்ரோ மாதிரி நெரிசலான இடத்தில் இறங்க முறை வரும்வரை வானத்தில் வட்டமடிக்க வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் நேரத்தைக் கூடுதலாகவே போட்டுவைக்கின்றன. 'அரை மணி நேரம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டோம்' என்று விமானத்தில் அறிவிப்பு வருவது பல சமயம் அந்தக் கூடுதல் நேரத்தால்தான்.

நீங்களே ஏதாவது இரண்டு ஊர்களுக்குக் கணக்குப் போட வேண்டுமென்றால், பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும் நீண்ட பயணம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள், கிழக்கே என்றால் ஒரு மணி நேரம் குறைத்துப் பாருங்கள். வழியில் மூடிய வானம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கடைசியாக ஒன்று, டிக்கெட்டில் அச்சாகும் நேரம். கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது. டோக்கியோவில் இரவு 9 மணிக்குக் கிளம்பி ஏழு மணி நேரம் பறந்து ஹொனலூலுவில் இறங்கினால் அங்கே காலை 9 மணி, அதுவும் அதே தேதி. ஹொனலூலு கடிகாரம் 19 மணி நேரம் பின்னால் இருக்கிறது, நடுவில் தேதிக் கோட்டைத் தாண்டியாயிற்று. கிளம்பிய நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்ததாக டிக்கெட் சொல்லும்.

இந்தக் கடிகாரக் கணக்கைத் தெளிவாகப் போட்டுப் பார்க்க லண்டன், சிட்னி நல்ல ஜோடி. தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். 1947இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் இந்த வழியில் முறையான சேவையைத் தொடங்கியபோது, இடையில் பல ஊர்களில் இறங்கி ஏறி நான்கு நாட்கள் ஆனது. அதற்கு முன்னால் போர்க்காலத்தில், 1943 முதல் 1945 வரை, அதே நிறுவனம் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்குக் கேட்டலினா கடல் விமானங்களை ஓட்டியது. சுமார் 5,650 கிலோமீட்டர் இந்தியப் பெருங்கடல், நடுவில் இறங்க இடம் இல்லை. எதிரிக்குத் தெரியாமலிருக்க ரேடியோவில் பேசக்கூடாது, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். எரிபொருளே எடை முழுவதையும் தின்றுவிட்டதால் பயணிகள் மூன்று பேர்தான் ஏற முடியும். பயணம் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை நீளும். வழியில் சூரியன் இரண்டு முறை உதிக்கும், அதனால் அந்தப் பயணத்துக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர் வைத்து, போனவர்களுக்கு அந்தப் பெயரில் சான்றிதழும் கொடுத்தார்கள்.

2019 நவம்பர் 14ஆம் தேதி அதே நிறுவனம் ஐம்பது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் ஒரு சோதனைப் பயணம் நடத்தியது. லண்டனில் காலை 6:09க்குக் கிளம்பியது. சிட்னியில் மறுநாள் பகல் 12:28க்கு இறங்கியது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் 30 மணி 19 நிமிடம். சிட்னி அந்தப் பருவத்தில் லண்டனைவிட 11 மணி நேரம் முன்னால் இருக்கும். அதைக் கழித்தால் 19 மணி 19 நிமிடம். நவம்பரில் லண்டனில் விடிய ஏழு மணிக்கு மேல் ஆகும், விமானம் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. பயணிகள் முதல் சூரியோதயத்தைக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பார்த்தார்கள், இரண்டாவதைச் சிட்னி போய்ச் சேருவதற்கு முன்னால்.